மதிலுக்கு வெளியே வைத்த ரோஜா

எதிர்வீட்டு சார் காலமான அன்று தெருவே அவர் வாசலில் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். தங்கமான மனுஷன்." நானும் பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதிர்ந்து பேசியதில்லை என்பது சத்தியமான உண்மை. தெருநாயைக்கூட அவர் 'சூ' என்று விரட்டி நான் பார்த்ததில்லை. அல்லாஹ் அவர் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த மனசு இன்னும் வரவில்லை.

எனக்கு வாய் அதிகம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை. "கடைக்கு ஷட்டர் போட்ட மாதிரி உன் வாய்க்கும் ஒண்ணு போட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்பார். கத்துகிறவள் என்பதால் கத்துகிறவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவர்கள் மனதில் என்ன இருக்கிறதோ அது வெளியே வந்து விழுந்துவிடும், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சார் மனதில் இருந்தது வேறு வழியாக வந்தது. செடியாக வந்தது.

நாங்கள் இருப்பது முடிச்சூரில். சென்னையை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் வடிந்த பிறகு தெருவில் ஆளாளுக்கு லாரி லாரியாக மண் அடித்து வாசலை உயர்த்தினோம். அப்படி உயர்த்தியதில் சார் வீட்டு மதிலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பட்டை நிலம் மேடாக நின்றது. அது சாருடைய மனையில் சேராது. எவருடைய மனையிலும் சேராது. அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவது அங்கேதான். பக்கத்து வீட்டு டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துவதும் அங்கேதான். புங்கமரத்தடியில் செல்வியின் இஸ்திரி வண்டி நின்றது.

சார் ஏதோ பெரிய அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வருஷமே வண்டலூர் போகிற வழியில் ஒரு நர்சரியில் அந்த ரோஜாவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம்கூட எழும்பாது. தரையோடு தரையாகப் படரும். ரூபாய்க் காசு அளவுக்கு இளஞ்சிவப்புப் பூ, கொத்துக் கொத்தாக. வாசனை கிடையாது. முள் மட்டும் பொடிப்பொடியாக, வளைந்து, பட்டால் விடாது. செல்வி ஒரு தடவை மகள் தலைக்கு ஒரு கொத்து கேட்டாள். "இது தலைக்கு வைக்கிற பூ இல்லம்மா. தரைக்கு வைக்கிற பூ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்தாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். செடி வளர்க்க அவருக்குத் தெரிந்தது. நம் ஊர் வெயிலில் ரோஜா வைத்து, அது கருகாமல் பூத்துக் குலுங்குவதைப் பார்ப்பது லேசான காரியமா? செம்மண்ணில் மணலும் மட்கிய சாணமும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி பாத்தியை மேடு கட்டினார். விடிந்ததும் பூவாளியோடு வந்து வேரில் மட்டும் நீர் ஊற்றுவார், இலையில் ஒரு சொட்டு விழவிடமாட்டார். வேரடியில் தேங்காய் மட்டையின் நாரைப் பரப்பி வைப்பார். இலைக்கு அடியில் செடிப்பேன் பிடித்தால் பூண்டை அரைத்துக் கரைத்துத் தெளிப்பார். கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு, காய்ந்த பூவைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தொட்டில் பிள்ளையிடம் குனிகிற முகம் அது. அவரை நான் முழுக்க வெறுக்க முடியாமல் போனது அந்த முகத்தால்தான்.

முதலில் டியூஷன் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு வரிசை ரோஜா வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு சைக்கிள் டயர் முள் குத்திப் பஞ்சராயிற்று, பிள்ளைகள் வேறு பக்கம் போனார்கள். அடுத்து மீன்காரம்மா கூடை இறக்கும் இடத்துக்கு ஒன்று வந்தது. அவள் தலையில் கூடையோடு அங்கே வந்து நின்று, பூவைப் பார்த்து, "ஐய, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அப்புறம் அவள் எங்கள் தெருவுக்குள் வருவதே குறைந்துவிட்டது.

எனக்கும் ஒரு செடி வைத்தார். சாருடைய மனைவியை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் சாயங்காலத்தில் பேச்சு. நான் அஸர் தொழுதுவிட்டு வருவேன், ஆன்ட்டி விளக்கேற்றுவதற்கு முன்னால் வருவார். கேட்டின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கேட் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு பேசுவோம். ரமலான் மாசத்தில் நான் தூக்கில் கஞ்சி கொண்டுபோய் அந்தக் கம்பிக்கு மேலாகத்தான் கொடுப்பேன். ஆன்ட்டி மெல்லப் பேசுகிறவர். அவர் சொன்னதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியவை. வெளியூரில் இருக்கும் மகள், அந்த மகளின் கல்யாணத்தில் நடந்தது, சாரிடம் சொல்ல முடியாதது எல்லாம் அதில் வரும்.

ஒருநாள் கேட்டுக்கு வெளியே, நான் நிற்கும் இடத்தில், நீளமான சிமெண்டுத் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதில் அந்த ரோஜா. சார் பூவாளியோடு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த எடத்துலதான் காலை வெயில் நல்லா விழுது."

"நாங்க நின்னு பேசற எடம் சார்."

"தாராளமா பேசுங்க. யாரு வேண்டாம்னது?"

என் புர்காவின் கை முள்ளில் மாட்டி இரண்டு தடவை நூல் பிரிந்தது. தள்ளி நின்றால் சத்தமாகப் பேச வேண்டும். ஆன்ட்டி சத்தமாகப் பேச முடிகிறவரா? "சாப்பிட்டாச்சா", "மழை வரும்போல" என்பதோடு எங்கள் பேச்சு நின்றுபோயிற்று. அந்த வருஷம் கஞ்சியை எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். சார் வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று இவர் வந்து சொன்னார்.

இதெல்லாம் போகட்டும். நான் கேட்டில் பேசாவிட்டால் செத்தா போவேன்? செல்வி கதை அப்படியில்லை. அவளுக்கு அந்த இடம்தான் சோறு.

கட்டினவன் விட்டுவிட்டுப் போய், ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு, பம்மலில் ஒற்றை அறையில் குடியிருந்தவள். வண்டியைப் புங்கமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, காலையில் ஷேர் ஆட்டோவில் வருவாள். கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறவள். இஸ்திரிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தெருவுக்கு ஒரு வண்டி. அடுத்தவள் தெருவில் போய் நின்றால் அடிதடி. எங்கள் தெருவில் எங்கள் வரிசை முழுக்கத் திறந்த கால்வாய், வண்டி நிற்க வழியில்லை. எதிர்வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் கார் ஏற சிமெண்டுச் சரிவு போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தப் புங்கமரத்தடி ஒன்றுதான். அது போனால் தெருவே போன மாதிரி.

முதலில் நிழல் போயிற்று. ரோஜாவுக்கு வெயில் வேண்டும், புங்கமரம் மறைக்கிறது. சார் மரத்தை வெட்டச் சொல்லவில்லை. கிளை மின்கம்பியில் உரசுகிறது, மழைக்காலத்தில் ஆபத்து என்று மனு கொடுத்தார். ஆட்கள் வந்து மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். சித்திரை வெயிலில், எதிரே கரி கனலும் பெட்டியோடு, தலைக்குமேல் ஒன்றும் இல்லாமல் செல்வி நின்றாள். பழைய பேனர் துணியை நாலு குச்சியில் கட்டிக்கொண்டாள். சார் வெளியே வந்து, "ஐயோ, வெயில்ல நிக்கிறியேம்மா" என்று சில்லென்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரோஜா எப்படிப் பரவுகிறது என்பதையும் மாடியிலிருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தானாகவே பரவுகிற செடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சார் அதற்குக் கைகொடுத்தார். நீண்ட கிளை ஒன்றை ரோட்டுப் பக்கமாக வளைப்பார். நடுவில் தோலைக் கொஞ்சம் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் புதைத்து, வளைத்த கம்பியால் தரையோடு குத்தி நிறுத்துவார். மேலே ஒரு கல் வைப்பார். பதியன் போடுவது. சில வாரத்தில் புதைத்த இடத்தில் வேர் இறங்கும். தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிட்டால் அது தனிச்செடி. அதன் கிளையை மறுபடி முன்னால் வளைப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம். ஒவ்வொரு முழத்துக்கும் செல்வி வண்டியை ஒரு முழம் தள்ளினாள்.

இதில் என் நெஞ்சு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செடிக்கு உரம் போட்டவளே செல்விதான். சார் ஒருநாள் அவளிடம் வந்து, "உன் பெட்டியில இருக்கிற கரிச்சாம்பலை வீணாக்காதேம்மா, ரோஜாவுக்கு அது ரொம்ப நல்லது" என்றார். அன்றிலிருந்து தினமும் வண்டியைக் கட்டும்போது சாம்பலை ஆறவைத்து, ஒரு தகர டப்பாவில் போட்டு, கேட் ஓரம் வைத்துவிட்டுப் போவாள். சில நாள் அவளே தூவிவிடுவாள். "பாருக்கா, என் சாம்பல்ல எப்டி பூத்துக்கீது" என்று என்னிடம் காட்டுவாள். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கும்.

கடைசியில் வண்டியின் இரண்டு சக்கரம் மண்ணிலும் இரண்டு சக்கரம் ரோட்டிலுமாக நின்றது. ஸ்கூல் வேன்காரன் ஹாரன் அடிப்பான். பைக்கில் போகிறவன் "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா" என்று கேட்டுவிட்டுப் போவான். ரோட்டுக்கு வந்துவிட்ட வண்டி எல்லோர் கண்ணிலும் பட்டது. வண்டியைத் தள்ளிய செடி ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். "முன்னாடி அங்க குப்பை கொட்டிக்கிட்டிருந்தாங்க, இப்ப எவ்ளோ அழகா இருக்கு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ வந்து அந்தப் பூ முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில் தண்ணீர் லாரி வண்டியின் மூலையை இடித்துக்கொண்டு போயிற்று. செல்விக்கு அடி படவில்லை. தேய்த்து அடுக்கிய துணியெல்லாம் சேற்றில் கிடந்தது, பெட்டி கவிழ்ந்து நெருப்பு சிதறியது. லாரிக்காரன் இறங்கி வந்து செல்வியைத்தான் திட்டினான். சார் ஓடிவந்தார். துணிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார். "அழாதேம்மா, எல்லாத்தையும் எங்க வீட்டு மெஷின்ல போட்டுக்கலாம்" என்றார். போட்டும் கொடுத்தார். தெருவே அவரைப் பார்த்து நெகிழ்ந்தது.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், உங்க செடி ரோட்டுக்கே வந்துடுச்சு. அந்தப் பொண்ணு எங்க நிக்கும்?"

"நிக்கட்டுமேம்மா. நான் நிக்கக்கூடாதுன்னு சொன்னேனா?"

"சொல்லல சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனான்னு அவளையே கேளுங்க."

"எடத்தை எடுத்துட்டு வார்த்தை சொல்லலைன்னா என்ன சார் அர்த்தம்? அந்தப் பக்கம் ஒரு ரெண்டு முழம் வெட்டி விடுங்க, போதும்."

"தப்பா எடுத்துக்காதீங்க. செடி படருது. அது அதோட சுபாவம். பூத்துக்கிட்டிருக்கிறதை வெட்ட எனக்கு மனசு வராதும்மா."

அவர் கையில் வளைத்த கம்பிகள் நாலைந்து இருந்தன. நான் அதையே பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. யாரிடம் கத்துவது? எதிரே ஒரு பெரியவர் கைகட்டாத குறையாக நிற்கிறார். மறுநாள் ஆன்ட்டி மூலமாக எங்கள் வீட்டுக்குப் பாயசம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, நெய் மணக்கிறது என்றார்.

அதற்கப்புறம் செல்வி அதிக நாள் நிற்கவில்லை. வண்டியை விற்றாள். வாங்கினவன் வந்து ஓட்டிக்கொண்டு போன அன்று சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் உள்ளே போய்க் கறுப்புக் கவரில் வேர்விட்ட ஒரு ரோஜாச் செடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "உன் வீட்டு வாசல்ல வைம்மா. வெயில் இருந்தா போதும், அதுபாட்டுக்குப் படரும்." அவளுடைய பம்மல் அறைக்கு வாசல் என்று ஒன்று கிடையாது. படியேறிப் போனால் கதவு, அவ்வளவுதான். "சரி சார்" என்று வாங்கிக்கொண்டாள். மறு வாரமே அவள் நின்ற இடத்தில் கம்பியும் கல்லும் தெரிந்தன.

சார் மாரடைப்பில் போனார். எல்லாக் காரியமும் முடிந்த பிறகு ஒருநாள் ஆன்ட்டி என்னைக் கேட்டுக்குள்ளேயே கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்த வீட்டுக்குள் காலை வைத்தேன். காபி கொடுத்தார்.

"அந்த இஸ்திரி போடற பொண்ணு எங்க இருக்கான்னு தெரியுமா? செடியை எல்லாம் எடுத்துடச் சொல்லப்போறேன். அவளை வரச் சொல்றீங்களா?"

"இப்ப சொல்றீங்களே ஆன்ட்டி."

"அவர்கிட்ட எனக்குப் பேச்சு ஏது?" என்றார். ஆன்ட்டிக்கும் அந்த வீட்டில் எத்தனை இடத்தில் என்னென்ன செடி வைத்திருந்தாரோ சார், நான் கேட்கவில்லை.

மறுநாளே பம்மலுக்குப் போனேன். விசாரித்ததில், மெயின் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, முன்பு தோல் பதனிடும் ஷாப் இருந்த சந்தில் ஒரு லாண்டரிக் கடையில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். கரண்டுப் பெட்டி. மேலே தகரம், ஜன்னல் கிடையாது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கை நிற்கவில்லை. சார் இறந்ததைச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்" என்றாள். ஆன்ட்டி சொன்னதையும் சொன்னேன். செடியை எடுக்கப்போகிறார்கள், புது வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், பழையபடி வந்து நில் என்றேன். அவள் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தாள்.

"செல்வி, உன்னைக் கெளப்பத்தான் அவர் அந்தச் செடியை வெச்சாருன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"மொத செடி வெச்சப்பவே தெரியும்க்கா."

"அப்புறம் எதுக்குடி சாம்பலை அள்ளி அள்ளிக் குடுத்த?"

"குடுத்துக்கினே இருந்தா வுட்ருவாருன்னு பாத்தேன். இன்னா பண்றது."

"ஒரு சண்டை போட்டிருக்கலாம்ல. நான் வந்து நின்னிருப்பேனே."

"இன்னான்னு போடறது? பூச்செடி வெச்சாருன்னா?" பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போடின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தார்னு வையி, நான் பேசற பேச்சுல தெருவே கூடியிருக்கும். நாலு பேரு நாயம் கேட்டிருப்பாங்க. அவரு அதுக்கு வழியே வுடலியே. தண்ணி குடுத்துக்கினு, சிரிச்சிக்கினு. எனக்கு அழ கூட வெக்கமா இருந்திச்சிக்கா."

நான் ஆன்ட்டி அப்படிப்பட்டவர் இல்லை, நல்லவர் என்றேன்.

"நல்லவங்கதான். நல்லவங்க வூட்டு வாசல் எனக்கு வேணாம்."

உள்ளேயிருந்து கடைக்காரனின் குரல் வந்தது. யாரோ கஸ்டமரின் பேண்டு இன்னும் முடியவில்லை என்று, அம்மா அப்பாவை எல்லாம் இழுத்து, காதில் கேட்க முடியாத வார்த்தை ஒன்றைச் சொன்னான். செல்வி திரும்பக்கூட இல்லை. அதே அளவுக்கு ஒரு வார்த்தையை உள்ளே திருப்பி எறிந்தாள். "ரெண்டு கைதான் கீது எனக்கு, வேணும்னா நீ வந்து தேயி" என்றாள். அவன் மறுபடி ஏதோ கத்தினான், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"இவன் கத்துவான், நானும் கத்துவேன்" என்றாள் செல்வி. "ஒண்ணும் மனசுல நிக்கறதில்லக்கா. ராத்திரி படுத்தா தூக்கம் வருது."

அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தாள்.